தீவின் முதல் ஆள்

— கோடாலியை இன்னும் மேல தூக்குங்க மாக்னஸ் சார்! படத்துல முதன்முதலா வந்து காட்டை வெட்டின ஆளு மாதிரி இருக்கணும்!

— மாதிரி என்னய்யா மாதிரி? இந்தத் தீவுல கால் வெச்ச முதல் ஆளே நான்தான். செலஸ்தீன், என் பொண்டாட்டி நீயே சொல்லேன்டி.

— ஆமாமா. நீங்க வந்து இறங்கினப்போ எங்க சனம் நூறு பேரு கரையில நின்னு வேடிக்கை பார்த்தோம்.

— அதெல்லாம் கணக்குல சேராதும்மா. படகுக்காரரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க, கலை கெடுது.

— படகுக்காரர் இல்ல சார், என் கூடப்பிறந்த தம்பி பசில். நாளைக்கு வடக்க கடல்நாய் வேட்டைக்குப் போறான். போன வருஷம் போனவங்கள்ல மூணு பேரு திரும்பவே இல்ல. அவன் முகம் என்கிட்ட இருக்கணும் சார்.

— என்கிட்ட மிச்சம் ஒரே ஒரு கண்ணாடித் தகடும்மா, அதுவும் விக்டோரியா நகரக் கண்காட்சிக்கு. சரி, ஓரமா உக்காரட்டும். ஊருக்குப் போய்த் தகட்டுலேருந்து அவரை மட்டும் சுரண்டி எடுத்துடறேன்.

— சுரண்டிடுவீங்களா?

— கலைக்காகம்மா!

— கவர்னரே பாக்கப்போற படம்டி. அதுல உன் தம்பி எதுக்கு?

— சரிங்க. பூட்ஸெல்லாம் மணலா இருக்கு, காலைக் காட்டுங்க, தட்டி விடறேன்.

— நான் பத்து எண்ணுற வரைக்கும் யாரும் அசையக் கூடாது. அசைஞ்சா படத்துல வெறும் புகைதான். ஒண்ணு... ரெண்டு... மூணு...

— ஐயோ! ஆ! அம்மாடி!

— சார், ஆடாதீங்க! அஞ்சு... ஆறு...

— யாருய்யா ஆடறது? பூட்ஸுக்குள்ள என்னமோ கவ்வுதுய்யா!

— பத்து. இருங்க, இருட்டுக் கூடாரத்துக்குள்ள போய்த் தகட்டைக் கழுவிப் பாக்கறேன்... போச்சு, எல்லாம் போச்சு! முதல் ஆளு நின்ன இடத்துல ஒரே புகை மூட்டம். உங்க தம்பிதான் கல்லு மாதிரி உக்காந்திருக்காரு. இமை முடி வரைக்கும் தெரியுது!

— கடல்நாய்க்காக மணிக்கணக்கா காத்துக் கிடக்கிறவன் சார். அசையவே மாட்டான்.

— கோடாலி பாதி, தாடி பாதி. இதைக் கண்காட்சியில வெச்சா என் பொழப்பு நாறிடும். கடல்ல வீச வேண்டியதுதான்.

— வீசாதீங்க சார். எனக்குக் குடுங்க.

— தாராளமா எடுத்துக்கோங்கம்மா.

— அடியே, இவ்வளவு பெரிய நண்டு என் பூட்ஸுக்குள்ள எப்படிடி வந்துச்சு?

— நான்தாங்க விட்டேன். உங்களைப் படம் பிடிக்க இவரு அடுத்த வருஷமும் வருவாரு. பசில் வருவானோ என்னமோ.