அடுத்து வர்றதுக்குத்தான் அந்தச் சீட்டு

இல்லண்ணே, நீங்க ஏணியில நின்னு ஏசியப் பாருங்க, நான் பாட்டுக்குப் புலம்பிட்டிருக்கேன்... ஒரு குறி. ஒரே ஒரு குறி! அதப் புரிஞ்சுக்கத் தெரியல என் மச்சானுக்கு. வீட்டுக்காரியோட தம்பிதான். நான்தான் இந்த ஆபீஸ்ல சேத்துவிட்டேன். பக்கத்து நாற்காலி. என் தலையெழுத்து.

நாங்க ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு புரோகிராம் எழுதறோம். 'நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க'ன்னு பேஷண்டுங்களுக்கு மெசேஜ் போகும். எழுதற மொழி இருக்கே, ஃபங்ஷனுக்குள்ள ஃபங்ஷனா, அதாவது ஒரு கட்டளைக்குள்ள இன்னொண்ணா, கோத்துக்கிட்டே போற மொழி. அதுல எது மேல வேணாலும் ஒரு சீட்டு ஒட்டலாம். மெட்டாடேட்டாம்பாங்க. பயந்துடாதீங்க, ஒண்ணுமில்ல... கூரை மாதிரி ஒரு குறி, ரெண்டு புள்ளி, அப்புறம் ஒரு வார்த்தை. அவ்வளவுதான். சீட்டு ஒட்டினதால சரக்கு மாறிடாது. ஒட்டினதும் ஒட்டாததும் ஒண்ணான்னு கேட்டா, ஒண்ணுதான்னு அந்த மொழியே சொல்லும்.

ஸ்க்ரூ விழுந்துடுச்சு பாருங்க. இருங்க, எடுத்துத் தரேன்.

ஆனா ஒரு விதி இருக்குண்ணே. சீட்டு முன்னாடி வரும், சரக்கு பின்னாடி வரும். சீட்டுக்கு அடுத்து எது நிக்குதோ, அது மேலதான் ஒட்டும். நான் 'அனுப்பாதே'ன்னு சீட்டு போட்டு, அதுக்குக் கீழ ஒரு சோதனை மெசேஜ் வெச்சிருந்தேன். 'ஏய் ஓட்டப்பல்லு, வாயத் தொற'ன்னு. சும்மா வெளயாட்டுக்கு! எவனோ நடுவுல நிஜ மெசேஜச் செருகிட்டான். சீட்டு அதுல ஒட்டிக்கிச்சு. நிஜம் போகல, ஓட்டப்பல்லு போயிடுச்சு. தொள்ளாயிரம் பேருக்கு! பல்செட்டு கட்டின பெரியவர் ஒருத்தர் போன் பண்ணி, பல்லே இல்லாதவனுக்கு ஓட்டை எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டாராம்.

மச்சான்தான் செருகியிருப்பான்னு எல்லாருக்கும் மெயில் போட்டுட்டேன். மேனேஜருக்கும்தான். நாலு மணிக்கு அவனக் கூப்பிட்டிருக்காங்க, வேலை நிக்குமா போகுமான்னு தெரியாது. வீட்டுல அவ ரெண்டு நாளா பேசல. பாத்திரம் மட்டும் பேசுது.

அண்ணே... நில்லுங்க நில்லுங்க. நீங்க ஏன் அந்த ஏசியக் கழட்டி வெச்சிருக்கீங்க? அது நல்லா ஓடுதே! பழுதானது இந்தப் பக்கம் இருக்கறது!

பேப்பரா? 'பழுது'ன்னு பேப்பர் ஒட்டியிருக்குதான். ஆனா பேப்பருக்கு அடுத்து வர்றதுதானே பழுது? இடப்பக்கத்துலேருந்து படிச்சுட்டு வாங்க... நல்ல ஏசி, பேப்பர், அப்புறம் பழுதான ஏசி. சீட்டு முன்னாடி, சரக்கு பின்னாடி! இது கூடவா...

என்ன பார்க்கறீங்க? ...ஆமா, நல்லதுக்குப் பக்கத்துல ஒட்டிக்கிட்டுதான் இருக்கு. நான்தான் ஒட்டினேன். சரி. என் தப்புதாண்ணே. மன்னிச்சுடுங்க.

அட! வந்துடுச்சே! காலைலேருந்து 'என் தப்பு'ங்கற வார்த்தை வெளிய வரவே மாட்டேன்னுச்சு. எதுக்கா... யார் எந்த வரிய எப்ப எழுதினாங்கன்னு கம்ப்யூட்டர் குறிச்சு வெச்சிருக்கும். காலைல எடுத்துப் பார்த்தேன். நடுவுல செருகினவன் பேரு இருந்துச்சு. என் பேரு. போன மாசம் அவசரத்துல நானே செருகியிருக்கேன், முந்தாநாள்தான் அது ஓட ஆரம்பிச்சிருக்கு. அப்புறமும் வாயத் தொறக்காம உக்காந்திருக்கேன். பாவம் பையன், ரெண்டு நாளா சரியா சாப்பிடல. 'கவனமில்லாதவன்'னு அவன் மேல சீட்டு ஒட்டினவன் நான்தான். அவன் அப்படியேதான் இருக்கான்.

மணி மூணே முக்கால். அண்ணே, இன்னொரு தடவ அப்படிப் பாருங்களேன், இப்ப பார்த்தீங்களே, அதே மாதிரி. நீங்க பார்த்தாதான் வருது. நாலு மணிக்கு மேனேஜர் ரூமுக்கு வந்து, ஓரமா ஏணியப் போட்டு நின்னீங்கன்னா...

அண்ணே? ஏணிய விட்டுட்டு எங்க போறீங்க?