காஞ்சிபுரத்துக்குச் சம்பந்தி

வாலாஜாபாத் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்: “நம்ம ஊருக்குச் சம்பந்தம் முடிஞ்சிட்ச்சு, கலா.”

“யார் வூட்லக்கா?”

“ஊருக்கேம்மா! பிரான்சுல ஒரு ஊரு, அங்கயும் பட்டு நெய்வாங்களாம். ரெண்டு ஊரும் இனிமே உறவுன்னு நேத்து மண்டபத்துல கையெழுத்து போட்டாங்க. அடுத்த மாசம் நெசவுக்காரங்க சில பேரு அங்க போறோம். நானும் போறேன்.”

கலா யோசித்தார். “நாம பொண்ணு வூடா, மாப்ள வூடா?”

“அந்த ஊரு மேயரம்மாவுக்கு நான் நெய்ஞ்ச புடவையத்தான் தட்டுல வச்சு குடுத்தாங்க.”

“முகூர்த்தப் புடவை நாம எடுத்தா நாமதான் மாப்ள வூடு. அங்க போயி கெத்தா உக்காருக்கா.”

“ஆனா விருந்தும் நாமதானே போட்டோம்?”

கலாவின் முகம் மாறியது. “சாப்பாட்ல எதுனா குறை சொன்னாங்களா?”

“இட்லியில இருந்த மிளகையெல்லாம் பொறுக்கி ஓரமா வச்சாங்க. காபி ஆறிப்போச்சுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.”

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. தீர்ப்பைக் கேட்காமல் எப்படி இறங்குவது?

“போச்சு! அவங்கதான் மாப்ள வூடு. நீ அங்க போயி, போட்டத வாய மூடிக்கினு சாப்ட்டு வாக்கா.”