காய் பிடிக்காத பூசணிக்கொடி

பூசணிப்பூவை வெயில் ஏறுவதற்குள் பறித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வாய் மூடிச் சுருண்டுவிடும், பொரித்தாலும் நன்றாக இருக்காது. உள்ளே எறும்பு இருக்கிறதா என்று பார்த்து, நடுத்தண்டைக் கிள்ளி எறிந்துவிட்டு, உப்பும் மிளகும் சேர்த்துக் கரைத்த மாவில் முக்கி எண்ணெயில் போட்டால் மொறுமொறுவென்று வரும். ஓய்வு பெற்ற நாளிலிருந்து வீட்டில் சமையல் என் பொறுப்பு. அக்கம்பக்கத்துப் பெண்கள் என் மனைவியைப் பார்த்து, "கொடுத்து வச்சவ" என்பார்கள். அவர்கள் சொல்வதில் தவறில்லை.

தோட்டம் அவளுடையது. வீட்டுக்குப் பின்னால் கிடந்த காலி இடத்தைத் தானே கொத்தி விதை ஊன்றினாள். கொடி வேலிவரை ஓடியது, அவள் முகத்திலும் ஒரு களை வந்தது. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்:

"காய் வரட்டுங்க. சந்தையில ஒரு மேசை போடலாம்னு எதிர்வீட்டுத் தையல்காரி கூப்பிடுறா. சனிக்கிழமை முழுக்க அங்கதான்."

"அப்போ மதியம் நான் யாரோட சாப்பிடுறது?"

"தட்டோட சாப்பிடுங்க," என்று சிரித்தாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து கை கழுவினேன்.

பள்ளியில் தாவரவியல் நடத்தியவன் நான். பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவுக்கு அடியில் குட்டிக்காய் ஒன்று உருண்டிருக்கும், ஆண்பூ வெறும் காம்பில் நிற்கும். வண்டு இதில் உட்கார்ந்துவிட்டு அதற்குப் போனால்தான் காய் நிலைக்கும். அதனால் சமையலுக்கு ஆண்பூவைப் பறித்தாலும் சிலவற்றைக் கொடியில் விட்டுவைக்க வேண்டும். என் மனைவிக்கு இதெல்லாம் தெரியாது. நான் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. அவள் எழுந்து பல் துலக்குவதற்குள் கூடை நிறைந்துவிடும். பெண்பூவை நான் தொட்டதே இல்லை. மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே.

"காய் வர்ற பூவை ஒண்ணுகூடத் தொட மாட்டாரு," என்று அவளே ஊரெல்லாம் பெருமை பேசினாள். குட்டிக்காய்கள் மஞ்சளாகி வெம்பி உதிர்ந்தன. உரத்தை மாற்றினாள், தண்ணீர் ஊற்றும் வேளையை மாற்றினாள், கடைசியில் தன் உள்ளங்கையையே விரித்துப் பார்த்தாள்.

"எனக்குக் கைராசி இல்லைங்க," என்று அழுதாள். அவள் கண்ணைத் துடைத்துவிட்டுச் சூடாகப் பூ பொரித்துக் கொடுத்தேன். "நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆவேன்," என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள். அப்படி நிறைவான மாலை எங்கள் வாழ்க்கையில் அதிகம் வாய்த்ததில்லை.

கொடியை அவளே பிடுங்கிப் போட்டாள். சந்தைப் பேச்சு நின்றது. தையல்காரி வந்தால், என் மனைவிக்குத் தலைவலி என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுவேன். முன்பு பாட்டு வகுப்புக்குப் போக ஆசைப்பட்டபோதும், குரல் போதாது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னவன் நான்தான். அவள் பாடினால் நன்றாகத்தான் இருக்கும்.

இப்போதெல்லாம் நாள் முழுக்க என்னோடுதான் இருக்கிறாள். அதிகம் பேசுவதில்லை. சாவி, மாத்திரை, செருப்பு என்று எதுவும் அவள் வைத்த இடத்தில் இருப்பதில்லை. நான்தான் தேடிக் கொடுக்கிறேன்.

"எனக்கு மூளை குழம்புதாங்க?" என்று கேட்பாள்.

"வயசாகுதில்ல. நான் இருக்கேன்," என்பேன்.

நேற்று அவள் தங்கை வந்தாள். கைராசிக் கதையைக் கேட்டுவிட்டு நேரே சமையலறைக்கு வந்தாள்.

"பூவெல்லாம் யாரு மாமா பறிச்சது?"

"நான்தான்," என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"ஒரு ஆண்பூகூட விடாமலா? பாடம் நடத்துனவராச்சே நீங்க."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு அக்காவிடம் போய், "துணியை எடுத்து வை, அக்கா. கொஞ்ச நாள் என்கூட வந்து இரு," என்றாள். பெட்டி கட்டும்போது என் மனைவி ஏதோ முணுமுணுவென்று பாடினாள். எவ்வளவோ காலம் கழித்துக் கேட்கிறேன்.

பெட்டி வாசலில் நிற்கிறது. இன்றைக்கு இருப்பதே இந்த ஒரு பஸ்தான், கிளம்பும் நேரமும் ஆகிவிட்டது. உள்ளே அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அது இல்லாமல் அவளுக்கு வாசற்படிகூடத் தெரியாது. தங்கை கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கிறாள். கண்ணாடி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது, கீறல் விழாதபடி மெல்லிய துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். பஸ் போனதும் எடுத்துக் கொடுத்துவிடுவேன். நான் இல்லாத வீட்டில் இதையெல்லாம் அவளுக்கு யார் தேடிக் கொடுப்பார்கள்.