கோடியிலிருந்து இரண்டாவது ஜன்னல்

—கைய எடு மாப்ளே. இப்ப அந்த டெலஸ்கோப் ட்யூப்ப ஒரு தட்டு தட்டு. பயப்படாத, ஓங்கித் தட்டு. ஆடுதா?

—ஆடல மச்சான்.

—ஆடாது! பத்து மாடிக்கு லிஃப்ட் மாட்டுறவன் நான், தேடித் தேடி வாங்குன மவுண்ட் ஸ்டாண்டு இது. இந்த எடைக்கல்லத் தூக்கிட்டு உன் மொட்டை மாடிக்கு ஏறி வர்றதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிடுச்சு. காலப் பாரு, ஒவ்வொண்ணும் என் தொடை தண்டி. உன் முக்காலி துணி காயப்போடக்கூட லாயக்கில்ல.

—தெரியும். வானம் பாக்கற கிளப்ல அத்தனை பேர் முன்னாடியும் அதைத்தானே சொன்னீங்க.

—அதுக்குப் போயி ரெண்டு வருஷம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டயே!

—இப்ப அதெல்லாம் எதுக்கு? நகருங்க, நான் வைக்கிறேன்.

—இருய்யா. லென்ஸப் பாக்காம என்ன அவசரம்? மூணு கண்ணாடி உள்ள. உன் ட்யூப்ல நிலாவப் பாத்தா சுத்தி ஊதா பார்டர் கட்டும், சேலைக்குக் கட்டுன மாதிரி. இதுல பொட்டுக் கலர் கசியாது. அப்புறம் பின்னால கண்ண வைக்கிற ஐபீஸ் மாட்டுற இடத்துல பாரு, இது வந்து...

—மச்சான், அங்க ஆஸ்பத்திரியில உங்க தங்கச்சி சாகக் கிடக்கா. எனக்கு இந்தக் கதை ஒண்ணும் வேணாம். நகருங்கன்னா நகருங்க!

—எனக்கு மட்டும் தெரியாதாடா? வாயை மூடினா அவ நெனப்புதான் வருது. அதான் எதையாவது பேசிட்டே இருக்கேன்.

—அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. வாத்தியார் சார் காலைலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படல, கேட்டீங்களா. அவர முதல்ல பாக்க விடுங்க.

—இவரு யாரு மாப்ளே? நானும் வந்ததுலேருந்து பாக்கறேன், தண்ணி டாங்கி நிழல்ல நிக்கிறாரு.

—கீழ சலூன் வச்சிருக்காரு. இவர் சம்சாரமும் அதே காய்ச்சல் வார்டுதான், அதே மாடி. டெய்லி நான் பாத்து முடிச்சதும் இவரு பாப்பாரு. வேற வழி? சொந்தக்காரங்க யாரையும் உள்ள விடறதில்ல. போன் குடுக்கறதில்ல. குடுத்தாலும் மூஞ்சி நிறைய மாஸ்க்க வச்சிக்கிட்டு அவ எங்க பேசறது? வார்டுக்குப் போன் போட்டா "அப்படியேதான் இருக்காங்க"ங்கறா நர்ஸ். அப்படியேன்னா எப்படி? நல்லா இருக்காளா, மோசமா இருக்காளா? ஒருநாள் பைத்தியம் புடிச்ச மாதிரி ஆயிடுச்சு. டெலஸ்கோப்ப அந்தப் பக்கம் திருப்பிட்டேன்.

—தெரிஞ்சாளா?

—தெரிஞ்சா மச்சான். கட்டில், பாட்டில் தொங்குற கம்பி, ஒரு பக்கமாச் சாஞ்ச தலை. ஆனா காத்தடிச்சா ஜன்னலே குதிக்குது. மூச்சு விடறாளா, இல்ல என் முக்காலிதான் ஆடுதான்னு புரிய மாட்டேங்குது. நெஞ்சு ஏறி எறங்குறதப் பாக்கணும், அவ்வளவுதான். அதுக்குத்தான் மானம் ரோசத்தையெல்லாம் மூட்ட கட்டி வச்சிட்டு உங்களக் கூப்பிட்டேன்.

—சரி சரி, அழாத. பாரு. பட்டனத் தொடாத, இந்தத் திருகால மெல்ல நகத்து. வெயில் இறங்கட்டும்னு பாத்தேன், காத்து கொதிச்சுக்கிட்டுக் கெடக்கு. பரவால்ல. எந்த மாடி?

—எனக்குத் தெரியும், விடுங்க. தெனம் பாக்கறவன் நான். மாடி வந்துடுச்சு. கோடிக்குப் போறேன். ஒண்ணு... ரெண்டு... இதோ, ரெண்டாவது. யப்பா! மச்சான், திரையோட மடிப்புகூட எண்ணலாம் போலருக்கே!

—நான் சொன்னேன்ல? சும்மாவா தூக்கிட்டு வந்தேன்?

—கம்பி தெரியுது. பாட்டில் இல்ல. கட்டில்...

—கட்டில்?

—இல்ல, இருங்க, திரும்பப் பாக்கறேன்.

—என்ன மாப்ளே? வாயத் தொறந்து சொல்லேன்!

—காலி.

—என்ன காலி?

—கட்டில் காலி மச்சான். மெத்தைய மடிச்சு வச்சிருக்கு. துணிய உருவி மூட்டை கட்டறாங்க. ரெண்டு பேரு. தலையிலேருந்து கால் வரைக்கும் மூடிக்கிட்டு... மருந்து அடிக்கறாங்க மச்சான், கட்டிலுக்கு மருந்து அடிக்கறாங்க!

—தள்ளு. நான் பாக்கறேன்.

—போச்சு. எல்லாம் போச்சு.

—சும்மா இருடா!... ஆமா. காலியாத்தான் இருக்கு. ஐயோ. பாப்பா... ஐயோ என் பாப்பா...

—வாத்தியார் சார், ஒக்காருங்க. இப்படி இந்தச் சுவத்துல சாஞ்சுக்குங்க. அண்ணே, நீங்களும் மனச விட்டுட்டா எப்படி? பெட்டு மாத்தியிருப்பாங்க, கேட்டீங்களா. தேறிட்டா வேற வார்டுக்குக் கொண்டு போயிடுவாங்களாம், எங்க கஸ்டமர் ஒருத்தர் சொன்னாரு. எக்ஸ்ரே படம் எடுக்கக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்.

—படம் எடுக்கப் போனா மெத்தைய ஏங்க மடிக்கறாங்க?

—துணி அழுக்காயிருக்கும் சார். தெனம் மாத்தறதுதானே. நல்லதையே நெனைங்க.

—சலூன்காரரே, உங்க முறை வேற போயிட்டிருக்கு. நீங்க வந்து பாத்துடுங்க, வெளிச்சம் போயிடும்.

—அட நீங்க வேற. இந்த நெலமையில உங்கள விட்டுட்டு நான் போயி நின்னா நல்லாவா இருக்கும்? அவ எங்க ஓடிப் போயிடப் போறா? அப்புறமாப் பாத்துக்கறேன். முதல்ல வார்டுக்குப் போன் போடுங்க.

—போட்டுட்டே இருக்கேன்! ரிங் போகுது, எடுக்க மாட்டேங்கறாங்க. எடுங்கம்மா... எடுத்துத் தொலைங்கம்மா...

—கொண்டா, நான் என் போன்ல போடறேன். ஏன்டா, காய்ச்சல்னதும் அன்னிக்கே கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல? மாத்திரையக் குடுத்து வீட்லயே வச்சிருந்தியாமே? நட்சத்திரத்துக்கு நாள் பாக்கத் தெரியுது, கட்டுன பொண்டாட்டி மேல கைய வச்சுப் பாக்கத் தெரியல!

—நானா? நானா வச்சிருந்தேன்? இந்தக் காய்ச்சல் அவளுக்கு எங்கேருந்து வந்துச்சு? சொல்லட்டுமா? உங்க வீட்லேருந்து மச்சான்! உங்க பையன் அனலாக் கொதிக்கறான்னு கேட்டதும் என்கிட்டகூடச் சொல்லாம ஓடுனா. ராத்திரி பூரா அவன் நெத்தியில ஈரத்துணி போட்டா. "அண்ணன்கிட்ட நீ பேச வேணாம், நான் என் மருமகனப் பாக்கக் கூடாதா"ன்னு சண்டை புடிச்சிட்டுப் போனா. உங்க பையன் எந்திரிச்சுட்டான். இவ படுத்துட்டா! இப்ப மவுண்டப் பத்திப் பேசுங்களேன்! எவ்வளவு எடை தாங்கும், அதச் சொல்லுங்களேன்!

—அடிச்சுடுடா என்ன. அடிச்சுடு. எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கற? அன்னிக்கு அவ வாசல்ல செருப்பக் கழட்டும்போதே "வராதம்மா, திரும்பிப் போ"ன்னு சொல்லியிருக்கணும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உன் புருஷன் அந்தக் கோழிக்கால் ஸ்டாண்ட இன்னும் மாத்தலயா"ன்னு கேட்டேன். அவ சிரிச்சா. அதான் அவகிட்ட கடைசியா...

—வேணாம் மச்சான். கடைசிங்காதீங்க.

—வாத்தியார் சார், தண்ணி. ஒரு வாய் குடிங்க. அண்ணே, நீங்களும். ரெண்டு பேருமே பாசக்காரங்க, அதான் இப்படிக் கத்திக்கறீங்க. எங்கூட்டுல எனக்கும் என் மச்சினனுக்கும் இதே கூத்துதான், கேட்டீங்களா.

—கெளம்பலாம் மாப்ளே. வண்டிய எடுக்கறேன். நேராப் போயி கேட்ட ஒடைச்சாவது உள்ள போயிடலாம்.

—கேட்லயே நிறுத்திடுவான். நேத்து என் சட்டையப் புடிச்சு வெளிய தள்ளுனான். மச்சான், ஒண்ணு செய்யுங்க. எனக்குத் தெம்பில்ல. கட்டடத்துக்குக் கீழ பின்பக்கமா ஒரு கதவு இருக்கும். அங்க ட்யூப்ப எறக்குங்க. அங்கேருந்துதான்... அங்கேருந்துதான் வெளிய கொண்டு வருவாங்களாம்.

—என்னப் போயி அதப் பாக்கச் சொல்றியே, பாவி.

—நான் பாத்தா செத்துடுவேன். நீங்க பாருங்க.

—எறக்கறேன். இரு... கதவு தெரியுது. சாத்தியிருக்கு. ஒரு வேன் நிக்குது. பின்கதவு தொறந்திருக்கு. கடவுளே... இல்ல இல்ல, மூட்டைதான் ஏத்தறாங்க. துணி மூட்டை. வேன்ல எழுதியிருக்கு பாரு, "சலவைப் பிரிவு"ன்னு. நல்ல வேளை, அந்த வண்டி இல்ல மாப்ளே. கீழ சின்னதா "ஓட்டுநர் தவிர மற்றவர் ஏறக் கூடாது"ன்னு...

—மச்சான்.

—என்ன?

—அதெப்படிப் படிச்சீங்க?

—எப்படிப் படிச்சீங்கன்னா? கண்ணாலதான். மூணு கண்ணாடி லென்ஸ்னு சொன்னேன்ல.

—அது இல்ல. எழுத்து எப்படித் தெரியுது? நேராவா? முகம் பாக்கற கண்ணாடியில தெரியற மாதிரி திரும்பித் தெரியலயா?

—நேராத்தான் தெரியுது. இடம் வலம் மாத்தாத நேர் ப்ரிசம் போட்டிருக்கேன்ல. வானத்துக்குன்னா எப்படித் தெரிஞ்சா என்ன, நீ ஜன்னலப் பாக்கணும்னயே, அதான் எப்பவும் போடற கண்ணாடியக் கழட்டிட்டு இத மாட்டிக் கொண்டாந்தேன்.

—இத ஏன் என்கிட்ட சொல்லல?

—சொல்ல விட்டியா நீ? ஐபீஸ் மாட்டுற இடத்தப் பாருன்னு ஆரம்பிச்சேன், கதை வேணாம்னு பாஞ்சியே! ஏன், என்ன இப்ப?

—நம்ம ஜன்னல் இடது கோடி மச்சான்! இடது கோடியிலேருந்து ரெண்டாவது! என் ட்யூப்ல இடம் வலமாத் தெரியும். தெனம் வலது கோடியாத் தெரிஞ்சு தெரிஞ்சு கண்ணு பழகிடுச்சு. இன்னிக்கும் யோசிக்காம வலது கோடிக்குத் தள்ளிட்டேன்!

—அப்படீன்னா நாம பாத்தது?

—நம்ம ஜன்னலே இல்ல! தள்ளுங்க, தள்ளுங்க! மேல... மேல... இடது பக்கம். எவ்வளவு தூரம்டா சாமி... கோடி. ஒண்ணு. ரெண்டு.

—இருக்காளா? மாப்ளே? இருக்காளாடா?

—இருங்க, கண்ணுல தண்ணி, தொடச்சுக்கறேன்.

—கொல்லாதடா! இருக்காளா?

—இருக்கா. மச்சான், இருக்கா. மாஸ்க்கு இருக்கு. நெஞ்சு... இருங்க, மூச்ச விடாதீங்க யாரும்... ஏறுது. எறங்குது. ஏறுது மச்சான்! ட்யூப்பு ஆடல, அவதான்! அவளேதான் மூச்சு விடறா!

—எங்க, எனக்கு, எனக்கு! ஆமாடா! பாப்பா! தல முடியெல்லாம் சிக்குப் புடிச்சுக் கெடக்கு பாரு. கை அசையுதே! விரல அசைக்கறாடா!

—பாத்தேன். மச்சான், உங்க கால்ல விழறேன். உங்க மவுண்டு கால்லயும் விழறேன். என்னென்னவோ பேசிட்டேன்.

—போடா கிறுக்கா, எந்திரி. எனக்கு உசிரே வந்துடுச்சு. அது வேற யாரோ எவரோ, நமக்கென்ன! நம்ம பாப்பா இருக்கா. நம்ம பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல! இங்க வா, கட்டிக்க. என்னய்யா, சந்தோஷத்துலயும் மரம் மாதிரி நிக்கற? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?

—மச்சான், போதும். பேசாதீங்க.

—ஏன் பேசக் கூடாது? இப்பத்தான்யா பேசணும்! சலூன்காரரே, அங்க என்ன தள்ளி நிக்கறீங்க? எங்களுக்காக இவ்வளவு நேரம் நின்னீங்க, மனுஷன்னா நீங்கதான் மனுஷன். வாங்க இப்படி. உங்க வீட்டம்மாவ என் ட்யூப்ல பாத்தா பக்கத்துல ஒக்காந்து பேசற மாதிரி இருக்கும். சொல்லுங்க, அவங்க எந்த ஜன்னலு?

—நீங்க ரெண்டு பேரும் முதல்ல பாத்து அழுதீங்களே அண்ணே, அதுதாங்க.