பின்னால் இடம் இருக்கிறது

கல்யாண வீடியோ எடுப்பவர்களை நான் ஒருநாளும் மட்டமாக நினைத்ததில்லை. என் தங்கையை அந்தத் தொழில் செய்பவருக்குத்தான் கட்டிக்கொடுத்தோம். முன்னால் நின்று பேசி முடித்தவனும் நான்தான். மாப்பிள்ளை தங்கமான மனுஷர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்களுக்குள் ஏதோ பகை இருந்ததாக எழுதிவிடுவீர்கள்.

என் வேலை கம்ப்யூட்டரில். இல்லாத மிருகத்தை இருக்கிற தெருவில் நடக்கவிடுவேன், நிற்கிற கட்டடத்தை இடிந்து விழ வைப்பேன். வேலை கேட்டுப் போகும்போது, செய்ததில் நல்லதையெல்லாம் கோத்துச் சின்னப் படமாகக் காட்ட வேண்டும். அதை ரீல் என்போம். வெளியே ரீல் விடுவது என்றால் பொய் சொல்வது. எங்கள் தொழிலிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

என் ரீலைப் போன இடமெல்லாம் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியாகப் போன ஸ்டுடியோவின் சூப்பர்வைசர் அம்மா மட்டும்தான் காரணம் சொன்னார்.

"மிருகம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லா ஷாட்லயும் அதை நட்டநடுவுல நிக்க வெச்சிருக்கீங்க, பாஸ்போர்ட் போட்டோ மாதிரி. கேமராவும் எண்ணெய்ல வழுக்கிட்டுப் போகுது. அதைப் பிடிச்சிருக்கிற ஆளுக்கு உயிர்பயமே இல்லையே சார்."

வீட்டில் இதைச் சொன்னபோது மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "நானே சொல்லணும்னு இருந்தேன் மச்சான். உங்க கேமரா ஆவி எடுத்த மாதிரி மிதக்குது." தங்கையும் சேர்ந்து சிரித்தாள். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

சிரித்தவரே உதவிக்கும் வந்தார். நிஜக் கேமராவில் எடுத்த படத்தைக் கொடுத்தால், அது எப்படியெல்லாம் அசைந்தது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத் தந்துவிடும். அந்த அசைவைக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் என் பொய்க் கேமராவுக்குக் கொடுத்தால் போதும். எடுத்த படத்தைத் தூக்கி எறிந்துவிட்டாலும் அசைவு தங்கிவிடும். மாப்பிள்ளையின் அசைவில் ஒரு தனி அழகு உண்டு. எப்போதோ பைக்கில் விழுந்ததில் இடது முழங்கால் சரியில்லை. ஒன்றுவிட்டு ஒரு அடிக்கு லேசாகத் தாழ்ந்து எழுவார். கேமராவும் கூடவே தாழ்ந்து எழும்.

பாதியில் நின்றுபோன ஒரு கட்டடத்தின் மேல்தளத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஒரு விளிம்பில் சுவர் எழும்பவில்லை. வேலையாட்கள் அங்கே குறுக்கே பலகை அடித்திருந்தார்கள். படம் எடுத்த அன்று காலை நான் முன்னதாகவே போய் அதைக் கழற்றி வைத்தேன். ஃபிரேமில் அசிங்கமாகத் தெரியும் என்பதற்காக. வேறொன்றும் இல்லை.

மாப்பிள்ளை வந்ததும் ஒரு தூணை ஓரத்தில் வைத்து ஃபிரேம் பிடித்தார். "மிருகத்தை இந்தப் பக்கம் தள்ளுங்க மச்சான். அது பாயுற பக்கம் காலியா விடுங்க. காலி இடத்தைப் பாத்தாத்தான் பயம் வரும்." இவ்வளவு நாளாக எனக்குப் பிடிபடாதது அவருக்கு ஒரு நிமிடத்தில் கைவந்தது. எனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

மிருகம் துரத்த, ஒருவன் பின்வாங்கிக்கொண்டே எடுக்கும் ஷாட் அது. மிருகத்தின் முகம் வரும் உயரத்தில் கம்பில் பந்தைக் கட்டிக்கொண்டு நான் எதிரே நடந்து வர வேண்டும். அவர் என்னைப் பார்த்தபடி பின்னால் நடக்க வேண்டும். பின்னால் நடப்பவரின் இடுப்பு பெல்ட்டை ஒருவர் பிடித்துக்கொள்வது தொழில் வழக்கம்.

"பின்னாடி சுவர் இல்ல மச்சான். பெல்ட்டைப் பிடிக்க யாரையாவது கூப்பிடலாமா?"

"எதுக்கு மாப்ள? நான் எதிர்லதானே வர்றேன். சொல்றேன், நின்னுக்கோங்க."

"சரி, என் முதுகுக் கண்ணு நீங்கதான்" என்றார்.

ஆரம்பத்தில் எடுத்ததிலெல்லாம் சரியான இடத்தில் நிறுத்தினேன். போட்டுப் பார்த்தோம். ஃபிரேம் நன்றாக இருந்தது, அசைவும் நன்றாக இருந்தது. பயம்தான் இல்லை. என்னை நம்பி நடந்தார், அது படத்தில் அப்படியே தெரிந்தது. நம்பி நடப்பவர் கையில் பயம் எங்கிருந்து வரும்?

இன்னொரு தடவை போகலாம் என்றேன்.

"பின்னாடி இடம் இருக்கா மச்சான்?"

"இருக்கு மாப்ள, வாங்க."

"இருக்கா?"

"இருக்கு."

கேமரா முதலில் ஒரு சின்ன உதறு உதறியது. பிறகு என் முகம் ஓரத்தில் ஒரு கணம் வந்து போனது. அதன்பின் வானம். அப்படி ஓர் அசைவை ஆயுள் முழுக்க உட்கார்ந்து செய்தாலும் கொண்டுவர முடியாது.

நான் படியில் நிதானமாகத்தான் இறங்கினேன். ஓடி நானும் விழுந்தால் யார் உதவுவது? முதலில் அவர் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் கேமராவிலிருந்து, படம் பதிவான கார்டைக் கழற்றினேன். இந்த வரிசையைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

நான் தண்ணீர் வாங்கக் கீழே போயிருந்தபோது தனியாக ஒத்திகை பார்த்திருப்பார் என்று எல்லோரிடமும் சொன்னேன். கார்டு உடைந்துவிட்டது என்றேன். தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன், அது நடிப்பில்லை.

புது ரீலைப் பார்த்த அந்த அம்மா, "இதைத்தான் கேட்டேன்" என்றார். வேலை கிடைத்தது. சந்தோஷத்தைச் சொல்ல எனக்குத் தங்கையைத் தவிர யார் இருக்கிறார்கள்? துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் போட்டுக் காட்டினேன். அதில் அவர் இல்லை, அந்தத் தளம் இல்லை. தூண்கள்கூட நான் செய்த தூண்கள். மிருகம் கர்ஜித்துக்கொண்டு வருகிறது. அவள் அதைப் பார்க்கவேயில்லை. படத்தின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பப் போடு."

போட்டேன். அவள் உள்ளங்கை காற்றில் லேசாகத் தாழ்ந்து எழுந்தது, தாழ்ந்து எழுந்தது.

"இது அவர் நடை, அண்ணா. கார்டு உடைஞ்சுபோச்சுன்னு சொன்னியே."

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. உங்களிடம்தான் பேசினாள்.

அந்தத் தாழ்வை ஏன் சீராக்கவில்லை என்று கேட்டீர்கள். ஒரு பட்டனை அழுத்தினால் போதும், நடை மறைந்திருக்கும், நானும் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் கேமரா மறுபடி மிதந்திருக்கும். அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்களே, அதே மிதப்பு.

இப்போது பலகையைப் பற்றிக் கேட்கிறீர்கள். கேமரா கடைசிவரை என் பக்கம்தானே பார்த்துக்கொண்டிருந்தது, பலகை அவர் முதுகுக்குப் பின்னால்தானே இருந்தது, அது எப்படி ஃபிரேமில் வரும் என்கிறீர்கள். நியாயமான கேள்வி. இடம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் இரண்டு தடவையும் இருக்கு என்றேன். நான்தான் அவரைக் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

பலகையைக் கழற்றியது மட்டும் ஃபிரேமுக்காகத்தான்.