ஏழாம் நம்பர் ரூமுக்கு ஒரு வார்த்தை

ராஜகுமாரி: “இங்கிலீஷ்ல எதுக்கும்மா இத்தன வார்த்தை, ஒண்ணு போதாதா”ன்னு எம்மக சின்னதுல கேட்டா சார். இன்னைக்குத்தான் பதில் தெரியுது.

குருநாதன்: அதெல்லாம் அப்புறம் பேசுவோம். மொதலாளிக்கு வெரசா மெயில் போகணும். இந்த லாட்ஜுல நீதான் இங்கிலீஷ் எம்.ஏ. ஏழாம் நம்பர் ரூம் லண்டன் அம்மா என்ன வார்த்தை சொன்னாங்க?

ராஜகுமாரி: டெசக்ரேட்.

குருநாதன்: அப்பிடின்னா?

ராஜகுமாரி: புனிதமானத அவமரியாதை பண்றது.

குருநாதன்: அதையே போடு. ரூம் கூட்டுற மணிமேகலை அவங்க டப்பாவத் தொறந்து டெசக்ரேட் பண்ணிட்டா, வேலைய விட்டு நிப்பாட்டியாச்சுன்னு. மொதலாளி உத்தரவு. மேனேஜர் நான் என்ன செய்ய...

ராஜகுமாரி: அந்த வார்த்தையோட வெளிய போனா, கொடைக்கானல்ல ஒரு லாட்ஜும் அவள சேத்துக்காது.

குருநாதன்: டிஸ்டர்ப்... இந்த மாதிரி லேசா ஏதாவது?

ராஜகுமாரி: அது டப்பாவ நகட்டி வச்சதுக்குச் சொல்லலாம். இவ அந்த டப்பா முன்னால ஊதுபத்தி கொளுத்தி, பூ வச்சுக் கும்பிட்டிருக்கா. அதுக்கு வெனரேட்னு சொல்லணும். பக்தியா வணங்குறது.

குருநாதன்: டப்பாவையா? உள்ள என்னதான் இருந்துச்சு? மொதலாளி போன்ல கத்துனதுல ஒண்ணும் விளங்கல.

ராஜகுமாரி: சாம்பல் சார். பழனி விபூதின்னு நெனச்சுட்டா.

குருநாதன்: அதுக்கா அந்தம்மா அப்பிடி அழுகுறாங்க?

ராஜகுமாரி: அது... அவங்க வீட்டுக்காரர். இந்த மலையிலதான் பொறந்தாராம். இங்கயே தூவணும்னு கொண்டாந்திருக்காங்க.

குருநாதன்: ...முருகா.

ராஜகுமாரி: நேத்து அந்தம்மா வாக்கிங் போனப்ப, மணிமேகலை ஒரு கை எடுத்துத் தன் விபூதிப் பையில போட்டுக்கிட்டாளாம். அவளே சொன்னா.

குருநாதன்: மனுச சாம்பலையா? ஏம்மா, அதப் போயித் தொடலாமா...

ராஜகுமாரி: சார்... இன்னைக்கு வெள்ளனே உங்களுக்கு விபூதி குடுத்தது யாரு?

குருநாதன்: தெனமும் குடுக்குறவதான். மணிமே...

ராஜகுமாரி: என் நெத்தியப் பாருங்க சார்.

குருநாதன்: நீயும்... வச்சிருக்க.

ராஜகுமாரி: கண்ணாடியப் பாக்காதீங்க சார்.

குருநாதன்: உக்காரும்மா... இரு, நானும் உக்காந்துக்கிறேன். அழிக்கவும் கை வரல. யாரு வீட்டு மனுசனோ...

ராஜகுமாரி: என்ன வார்த்தை போட?

குருநாதன்: வெனரேட். அவ பண்ணுனான்னு போடாத, நாங்கன்னு போடு. நிப்பாட்டியாச்சுங்கறதையும் எடுத்துரு. நானும் கண்ண மூடிக் கும்பிட்டுத்தான வச்சேன். கீழ எம்பேரு மட்டும் இருக்கட்டும்.

ராஜகுமாரி: உங்க வேலை போயிரும் சார்.

குருநாதன்: போனாப் போகுது. லண்டன் அம்மாட்ட நானே போயி, இந்த நெத்தியோடயே நின்னு, உள்ளதச் சொல்லி மன்னிப்பு கேக்குறேன். அது என்ன சாம்பல்னு மணிமேகலைக்கு மட்டும் தெரிய வேணாம். தாங்க மாட்டா.

ராஜகுமாரி: தெனமும் அவள வெரட்டிக்கிட்டே இருப்பீங்க. எதுக்கு சார் இவ்வளவு?

குருநாதன்: எங்கப்பா செத்தப்ப மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சிருச்சு. நான் மலைக்குக் கீழ வத்தலக்குண்டுல கெடந்தேன். ஏறி வந்து பாத்தா, அப்பாவக் குளுப்பாட்டி, நெத்தி நெறய விபூதி பூசி வச்சிருந்தாங்க. மணிமேகலைதான்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. அவளும் சொல்லிக்கிட்டதில்ல, நானும் கேட்டுக்கிட்டதில்ல... நீ மெயில அனுப்பு. அவட்ட ஒண்ணும் சொல்லாத.