ஒரகடம் சாலை வேகத்தடைக்கு ஒரு வரவேற்பு

விழாத் தலைமையை விரும்பி ஏற்று, வெயிலில் வியர்த்து வீற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அண்ணன் அப்பாவு அவர்களே! கார்த் தொழிற்சாலையின் சமூகப் பொறுப்பைத் தம் தோளிலே தாங்கி வந்திருக்கும் அதிகாரி நரசிம்மன் அவர்களே! ஷிப்ட் முடித்து, ஓவர்டைமை உதறி, ஓடோடி வந்திருக்கும் உழைக்கும் தங்கங்களே! கைக்குழந்தையோடு முன்வரிசையைக் கைப்பற்றிவிட்ட தாய்மார்களே! கேசரி கிடைக்கும் என்று மணிமங்கலத்திலிருந்து நம்பி வந்த பெரியோர்களே! அனைவரையும் சிரம் தாழ்த்தி வணங்குகிறேன்.

என்ன தம்பி? சுருக்கமாகப் பேச வேண்டுமா? இந்த மைக் செட் என்னுடையது. பேசத்தான் செய்வேன்!

கோயிலுக்குக் குடமுழுக்கு உண்டு, கடைக்குத் திறப்பு விழா உண்டு. சாலையில் குறுக்கே படுத்திருக்கும் ஒரு மேட்டுக்கு மாலை போட்டு விழா எடுத்த மண் எங்கேனும் உண்டா? உண்டு! அந்த மண் எங்கள் மண்!

ஏன் எடுத்தோம்? சொல்கிறேன். நம் கங்காவுக்கு வீடு சாலையின் இந்தப் பக்கம். இட்லிக் கடையும் மகளின் பள்ளிக்கூடமும் அந்தப் பக்கம். நடுவிலே ஓடுவது சாலையா? இல்லை, சூறாவளி! ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனிப் பேருந்துகள் பறக்கும் பாருங்கள், பருந்து தோற்கும்! ஒரு நாள் காலை, ஒரு கையில் மகள், மறு கையில் சாம்பார்க் குண்டான். கடந்தார் கங்கா. உரசியது பேருந்து. குழந்தை பிழைத்தது. சாம்பார் பிழைக்கவில்லை.

சிரிக்காதீர்கள்! பேருந்து இன்னும் ஒரு முழம் நெருங்கி வந்திருந்தால், இன்று நான் இரங்கல் உரையல்லவா ஆற்றிக்கொண்டிருப்பேன்?

திரண்டு போனோம் தொழிற்சாலைக்கு. நரசிம்மன் ஐயாவிடம் கங்கா சொன்னார்: "சார், ரோட்டாண்ட ஒரு ஸ்பீட் பிரேக்கர் போட்டுக் குடுங்க சார். புண்ணியமாப் போவும்."

ஐயா தலையாட்டினார். வந்தது என்ன? கை கழுவுவது எப்படி என்று ஒரு பயிற்சி முகாம்! வேகத்தடை கேட்டால் சோப்புக் கட்டி! எங்களைக் கை கழுவிவிட்டதைத்தான் இவ்வளவு நாகரிகமாகச் சொல்கிறார்களோ என்று ஐயப்பட்டோம். ஐயா, கோபமில்லையே? சிரிக்கிறார். தொடர்கிறேன்.

மறுபடி போனோம். மறுபடி தலையாட்டினார். இம்முறை வந்தது ஒரு பொம்மை! காரைச் சுவரில் மோதிப் பார்க்கும்போது உள்ளே உட்கார வைப்பார்களே, அந்த ஆளுயரப் பொம்மை. சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வாம்! கொண்டுவந்து பேருந்து நிறுத்தத்தில் நட்டுவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கங்கா வீட்டில் குடியிருக்கும் நெல்லைச் சீமைப் பெண் உச்சிமாகாளி, அதே தொழிற்சாலையில் வேலை செய்பவர், பொம்மையை மேலும் கீழும் பார்த்தார். "யக்கா, இந்தப் பய சும்மாத்தான நிக்கான். இவன ஆபீசரா ஆக்கிருவமா?"

ஆக்கினார்! வெள்ளைச் சட்டை, நீலக் கழுத்துப்பட்டை, தலையிலே பாதுகாப்புத் தொப்பி. மறுநாள் வந்த பேருந்து ஓட்டுநர் சாம்சன் மிரண்டார். "அய்யய்யோ, ஆபீசரு நின்னுகினு கீறாருடா!" மிதித்தார் பிரேக்கை, வைத்தார் சலாமை. பின்னால் வந்தவர்களும் மிதித்தார்கள், சலாம் வைத்தார்கள். பருந்துகள் எல்லாம் நத்தைகள் ஆயின!

ஆனால் அன்பர்களே, பொம்மை தந்த வாழ்வு எத்தனை நாள்? ஒரு நாள் அடித்தது பேய்க்காற்று. சாம்சன் பேருந்துக்கு முன்னால் தடாலென்று விழுந்தார் நம் ஆபீசர். சாம்சன் குதித்து ஓடினார், மடியிலே தூக்கிப் போட்டார், கதறினார்: "சார்! கண்ணத் தொறங்க சார்! நான் இடிக்கல சார்!" உலுக்கினார். தலை கையோடு வந்துவிட்டது! அப்படியே மயங்கிச் சாய்ந்தார். இதோ, மேடைக்குப் பக்கத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிறார். கை தட்டுங்கள்!

சாலை அடைத்துக்கொண்டது. நெரிசலில் சிக்கிய ஒரு காரிலிருந்து இறங்கியவர் யார்? நரசிம்மன் ஐயா! என்னவென்று பார்க்கச் சாலையில் கால் வைத்தார். எதிர்த் திசையில் வந்தது ஒரு லாரி, எமனின் மைத்துனனைப் போல! கங்கா பாய்ந்தார். ஐயாவின் கழுத்துப்பட்டையைப் பிடித்தார். இழுத்தார்! இருவரும் போய் விழுந்தது கடைவாசல் இட்லி மாவு அண்டாவில்.

மாவு வழியும் முகத்தோடு ஐயா கேட்டார்: "ஏம்மா, தினமும் இப்படியா கிராஸ் பண்றீங்க?"

"இன்னா சார் பண்றது? புள்ளைய இஸ்துகினு ஓடறதுதான். வூட்லயே குந்திகினு இருக்க முடியுமா?"

கங்கா தந்த தண்ணீரில் முகத்து மாவைக் கழுவிக்கொண்டு, ஐயா அந்தச் சாலையோரத்திலேயே நின்று பார்த்தார். அதன் பிறகு நெடுஞ்சாலை அலுவலகத்தின் படிகளில் ஏறியவர் அவர். இறங்கியவர் அவர். மீண்டும் ஏறியவர் அவர். வேகத்தடை போட அனுமதியோடு வந்தவரும் அவரே!

தொழில் அதிபர்களே! மரம் நடுங்கள், மகிழ்வோம். புகையைக் குறையுங்கள், போற்றுவோம். ஏரியைத் தூர் வாருங்கள், ஏத்திப் பாடுவோம். ஆனால் ஊர் வாய் திறக்கும்போது முதலில் காதைத் திறங்கள்! கார் பிறக்கும் மண்ணில் காலால் நடப்பவன் பிழைக்க வேண்டாமா? தந்தேன் என்று சொல்வதா பொறுப்பு? தேவை என்னவென்று தெருவிலே நின்று பார்ப்பதல்லவா பொறுப்பு!

அதோ! மேடைப் பக்கம் நின்ற சாம்சன் போய் எடுத்துவர, அவர் பேருந்து வருகிறது. மெல்ல... மெல்ல... ஏறுகிறது... இறங்குகிறது! அதோ, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கங்கா கடக்கிறார். ஓடவில்லை, தாய்மார்களே, நடக்கிறார்! நடுச்சாலையில் நின்று, மகளுக்குச் சடைப் பின்னலைக்கூடச் சரிசெய்கிறார்!

அம்மா கங்கா, தடை மெதுவாகப் போவதற்குத்தான், குடியிருப்பதற்கு அல்ல. கரை ஏறு தாயே!

பொறுமையோடு கேட்ட செவிகளுக்கு நன்றி. கேசரி தயார். வாழிய நீவிர்! வணக்கம்!